டிராவல் சேனலில் பேய் ஓடுவது ஏன்? பயண நிகழ்ச்சிகள் காணாமல் போன கதை

எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ரிமோட் அப்பா கைக்கு வந்துவிடும். சீரியல் எல்லாம் முடிந்து அம்மா தூங்கப் போயிருப்பார். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே வந்து, 'டிஸ்கவரி டிராவல் அண்ட் லிவிங்' வந்ததும் நிறுத்துவார்.

அவருக்கு இங்கிலீஷ் முழுசாகப் புரியாது. எனக்கும்தான். ஆனால் புரிய வேண்டியது புரிந்தது. யாரோ ஒருவர் தெரியாத ஊரில் ஒரு சந்துக்குள் நுழைவார், குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார், கடைக்காரர் கொடுப்பதைச் சாப்பிடுவார். "பாரும்மா, அங்கேயும் தள்ளுவண்டிக் கடைதான்" என்பார் அப்பா. இன்றுவரை பாஸ்போர்ட் எடுக்காத மனிதர் அவர். ஆனால் வியட்நாம்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

போன முறை ஊருக்குப் போனபோதும் அதே நேரத்துக்கு அதே மாதிரி சேனலைத் தள்ளிக்கொண்டு இருந்தார். எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் ரிமோட்டை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஊர் சுத்திக் காட்டுற புரோகிராம் எல்லாம் எங்கேம்மா போச்சு?"

சின்ன கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால், அமெரிக்காவில் 'டிராவல் சேனல்' என்ற பெயரிலேயே இருக்கும் ஒரு சேனலில் பேய்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

விமான கம்பெனி தொடங்கிய சேனல்

டிராவல் சேனல் 1987-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தது டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனம். நோக்கம் வெளிப்படையானது: ஊர்களைக் காட்டினால் மக்களுக்கு ஆசை வரும், ஆசை வந்தால் டிக்கெட் வாங்குவார்கள். அதாவது பிறக்கும்போதே இது பாதி விளம்பரம்தான். அதனால் 'அந்தக் காலத்தில் எல்லாமே கலைக்காக எடுத்தார்கள்' என்று சொல்லிவிட முடியாது.

பிறகு சேனல் கை மாறிக்கொண்டே இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் டிஸ்கவரி கைக்கு வந்தது. 2007-ல் காக்ஸ் என்ற கேபிள் நிறுவனத்துக்குப் போனது. டிஸ்கவரியில் தனக்கிருந்த 25 சதவீதப் பங்கைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டிராவல் சேனலையும் பெரும் தொகையையும் வாங்கிக்கொண்டது காக்ஸ். 2009-ல் ஸ்கிரிப்ஸ் என்ற நிறுவனம் 65 சதவீதத்தை வாங்கியது. 2018-ல் அந்த ஸ்கிரிப்ஸையே டிஸ்கவரி வாங்க, சேனல் பழைய முதலாளியிடமே திரும்பி வந்தது. 2022-ல் டிஸ்கவரியும் வார்னர்மீடியாவும் இணைந்தன.

இத்தனை கைமாற்றத்துக்கு நடுவிலும் 2000-களில் அந்த சேனலுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. அந்தோணி போர்டெயினின் 'நோ ரிசர்வேஷன்ஸ்' 2005 முதல் 2012 வரை ஓடியது. ஆண்ட்ரூ ஜிம்மர்னின் 'பிசார் ஃபுட்ஸ்' வந்தது. ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிக் காட்டிய சமந்தா பிரவுனுக்கு ஒரு ரசிகர் கூட்டமே இருந்தது.

அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

நல்ல பயண நிகழ்ச்சி என்றால் என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

முதலாவது இது. 1989-ல் பிபிசி ஒளிபரப்பிய 'அரவுண்டு தி வேர்ல்டு இன் 80 டேஸ்'. விமானத்தில் ஏறாமல் 80 நாளில் உலகைச் சுற்றி வர வேண்டும் என்பது மைக்கேல் பாலினுக்குப் போட்டி. துபாயிலிருந்து பம்பாய்க்கு அவர் வந்தது ஒரு பாய்மரக் கப்பலில். கப்பலில் குஜராத்தி மாலுமிகள், திறந்த மேல்தளம், ஒரு வாரப் பயணம். வழியில் பாலினுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, மாலுமிகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் தன் வாக்மேனை ஒரு முதிய மாலுமியின் காதில் மாட்டி, ஒரு அமெரிக்க ராக் பாட்டைப் போட்டுவிடுகிறார். கதைப்படி அந்த வாரத்தில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் பம்பாய் வந்ததும் அவர்களைப் பிரிய அவருக்கு மனசு வரவில்லை என்பது திரையிலேயே தெரியும். 20 வருஷம் கழித்து அதே மாலுமிகளைத் தேடிக்கொண்டு பாலின் மறுபடி கேமராவோடு கிளம்பினார். (நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்து, இங்கிருந்து சரக்குக் கப்பல் ஏறித்தான் அவர் சிங்கப்பூர் போனார்.)

இரண்டாவது, 2006 ஜூலை. போர்டெயின் குழு சாப்பாட்டு எபிசோட் எடுக்க லெபனான் தலைநகர் பெய்ரூட் போயிருந்தது. படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இஸ்ரேல் - ஹிஸ்புல்லா போர் வெடித்தது. விமான நிலையம் குண்டு வீச்சுக்கு ஆளானது. குழு ஹோட்டலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வெளியேறியது. எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அவர்கள் அந்தக் காத்திருப்பையே எபிசோடாக்கினார்கள். தன் ஊரைப் பெருமையாகச் சுற்றிக் காட்ட வந்தவர்களின் முகம் சில நாட்களில் எப்படி மாறியது என்பதுதான் அந்த எபிசோட். சேனலும் அதை ஒளிபரப்பியது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். திட்டம் தவறிப் போனபோது கேமராவை அணைக்கவில்லை. அங்கே இருந்த மனிதர்களோடு இருந்தார்கள். அதற்கு நேரம் வேண்டும். டிவியில் நேரம் என்றால் பணம்.

சரி, பேய் எப்படி உள்ளே வந்தது?

'கோஸ்ட் அட்வென்ச்சர்ஸ்' என்ற நிகழ்ச்சி 2008-ல் டிராவல் சேனலில் தொடங்கியது. பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பழைய கட்டடத்துக்குள் ஒரு சின்ன குழு போய், ராத்திரி முழுக்க உள்ளேயே பூட்டிக்கொண்டு படம் எடுக்கும். அது நன்றாக ஓடியது. அதே மாதிரி இன்னும் சில நிகழ்ச்சிகள் வந்தன.

போர்டெயின் சிஎன்என்-க்குப் போய்விட்டார். 2013-ல் 'பார்ட்ஸ் அன்னோன்' அங்கே ஆரம்பித்தது. 2018-ல் ஜிம்மர்ன் நிகழ்ச்சியும் முடிவுக்கு வந்தது. சமந்தா பிரவுன் அதே வருஷம் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்-ஸில் புது நிகழ்ச்சி தொடங்கினார்.

ஸ்கிரிப்ஸை வாங்கிய டிஸ்கவரி கையில் இப்போது நிறைய சேனல்கள். வீடு கட்ட ஒன்று, சமையலுக்கு ஒன்று, கொலை வழக்குகளுக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை பிரித்துக் கொடுத்தபோது, டிராவல் சேனலுக்கு விழுந்தது அமானுஷ்யம். லோகோவையும் மாற்றினார்கள். ஆங்கிலத்தில் 'டிராவல்' என்ற சொல்லிலிருந்த இரண்டு உயிரெழுத்துகளையும் எடுத்துவிட்டு, மெய்யெழுத்துகளை மட்டும் விட்டார்கள். உயிரை எடுத்த பிறகு பேய் வருவது முறைதானே!

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

'மக்கள் ரசனை கெட்டுப்போச்சு' என்று சொல்வது சுலபம். ஆனால் இதில் ரசனையை விட வரவு-செலவுக்கே பங்கு அதிகம். நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

*ஒன்று, பயணம் விலை அதிகம்.* போர்டெயின் மாதிரி ஒரு எபிசோடுக்குச் சுமார் ஒரு வாரம் படப்பிடிப்பு. அதற்கு முன்னால் விசா, கேமரா கொண்டுபோக சுங்க அனுமதி, விமான டிக்கெட், ஹோட்டல், காப்பீடு. அந்த ஊர் மொழியும் ஆட்களும் தெரிந்த ஒரு உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், டிரைவர். திரும்பி வந்த பிறகு பல வாரம் எடிட்டிங். இவ்வளவும் விளம்பரம் போக 42-44 நிமிடத்துக்காக. பேய் நிகழ்ச்சிக்கு? ஒரு கட்டடம், ஒரு ராத்திரி, இருட்டில் படமெடுக்கும் சில கேமராக்கள்.

*இரண்டு, விளம்பர இடைவேளை.* ஹனோயில் ஒரு அம்மா நூடுல்ஸ் செய்வதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பிரேக் விட்டால், நீங்கள் சேனலை மாற்றிவிடுவீர்கள். ஆனால் இருட்டில் ஒரு கதவு கிறீச்சிடுகிறது, "அது என்ன சத்தம்?" என்று ஒருவர் கேட்கிறார், பிரேக். இப்போது மாற்ற மாட்டீர்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கொக்கி தயாராக இருக்கும் வடிவம் அது. பயணத்தில் அப்படி நேரம் பார்த்து எதுவும் நடக்காது.

*மூன்று, மறு ஒளிபரப்பு.* ஊர் மாறும். கடை மூடும், விலை ஏறும், ஆட்சி கவிழும். பத்து வருஷத்துக்கு முந்தைய பயண எபிசோட் பழசாகத் தெரியும். பத்து வருஷத்துக்கு முந்தைய பேய்க்கு வயசாகாது. ஒரு நாள் முழுக்க வரிசையாகப் போட்டாலும் ஓடும்.

*நான்கு, கேபிள் கட்டணம்.* அமெரிக்காவில் கேபிள் என்பது மொத்தமாக வாங்கும் பொட்டலம். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், உங்கள் மாதக் கட்டணத்தில் ஒரு சின்ன தொகை ஒவ்வொரு சேனலுக்கும் போகும். கட்டண டிவி உச்சத்தில் இருந்தபோது சுமார் 10 கோடி வீடுகள் அப்படிக் கட்டின. அந்தப் பணம் இருந்தவரை, கொஞ்சம் பேர் மட்டும் பார்க்கும் நல்ல நிகழ்ச்சிக்கும் இடம் இருந்தது. ஸ்ட்ரீமிங் வந்து வீடுகள் கேபிளைத் துண்டிக்க ஆரம்பித்ததும் இந்த வரவு குறைந்தது. குறைந்துகொண்டே போகும் வியாபாரத்தில் எந்த முதலாளியும் புதுசாக முதல் போட மாட்டார். இருக்கிற வரை குறைந்த செலவில் ஓட்டிக்கொண்டு போவார்.

இதில் யாரும் வில்லன் இல்லை. திரையில் எத்தனை மணி நேரம் நிரம்பியது என்பதற்குத்தான் கேபிள் காசு கொடுத்தது. எவ்வளவு தூரம் போய் வந்தீர்கள் என்பதற்கு இல்லை. எங்கேயும் போகாமல் மணி நேரத்தை நிரப்பும் வழி கிடைத்த அன்றே பயணத்தின் கதை முடிந்துவிட்டது.

இழப்பு என்ன என்று கேட்டால் இதைச் சொல்லலாம். கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய் மருத்துவமனை இருக்கிறது. 1910-ல் தொடங்கி 1961 வரை இயங்கியது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் குடும்பத்தைப் பிரிந்து அங்கே தங்கி, பலர் அங்கேயே இறந்தார்கள். ஒரு பயண நிகழ்ச்சி அங்கே போனால், அந்த ஊரில் யார் வீட்டுப் பாட்டி அங்கே இருந்தார், யார் பிழைத்து வந்தார் என்று கேட்கும். 'கோஸ்ட் அட்வென்ச்சர்ஸ்' அங்கே போனது. இருட்டைப் பார்த்து "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டது. கட்டடம் அதேதான். ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் நோயாளிகளாக இருந்தது போய், பயமுறுத்தும் பொருளாகிவிட்டார்கள்.

டிராவல் சேனல் மட்டும்தானா?

இல்லை. பெயர் ஒன்று, ஓடுவது வேறொன்று என்று ஆன சேனல்களின் பட்டியல் பெரிது. டிஎல்சி என்றால் முதலில் 'தி லேர்னிங் சேனல்'. கல்வி நிகழ்ச்சிகளுக்காகத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் அதன் அடையாளம் '90 டே ஃபியான்சே' மாதிரி ரியாலிட்டி ஷோக்கள். ஹிஸ்டரி சேனலில் அடகுக்கடையும் வேற்றுகிரகவாசிகளும் வந்தார்கள். எம்டிவி-யில் மியூசிக் தேய்ந்து போனது நமக்கே தெரியும். எல்லா இடத்திலும் காரணம் ஒன்றே: சிறப்பு சேனலாக ஆரம்பிப்பது, செலவு குறைவாக இருப்பதை நோக்கி நகர்வது, கடைசியில் எல்லாமே ஒரே மாதிரி ஆவது.

நம்ம ஊர் கேபிளில் என்ன நடந்தது?

'டிஸ்கவரி டிராவல் அண்ட் லிவிங்' இந்தியாவுக்கு 2004-ல் வந்தது. 2010-ல் பெயர் டிஎல்சி ஆனது. பெயரில் இருந்த 'டிராவல்' அன்றைக்கே போய்விட்டது. 'ஃபாக்ஸ் டிராவலர்' என்ற சேனல் 2014-ல் 'ஃபாக்ஸ் லைஃப்' ஆனது. அங்கேயும் அதே சொல்தான் காணாமல் போனது. 2007-ல் தொடங்கிய என்டிடிவி குட் டைம்ஸில் ராக்கியும் மயூரும் தாபா தாபாவாகச் சாப்பிட்டுக்கொண்டு போன 'ஹைவே ஆன் மை பிளேட்' பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வகையே பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

இங்கே கணக்கு கொஞ்சம் வேறு. நம்ம ஊரில் சின்ன சேனல்கள் கேபிள் நிறுவனங்களிடம் காசு வாங்குவதற்குப் பதில், தங்களை ஒளிபரப்ப வேண்டும் என்று காசு கொடுக்க வேண்டிய நிலையும் உண்டு. ரேட்டிங்கை பார்க் என்ற அமைப்பு 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் கொஞ்சம் பார்வையாளர்களைக் கொண்ட பயண சேனல் அந்த அளவுகோலில் கடுகு மாதிரி. விளம்பரமோ மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் கூடாது என்பது விதி. சீரியல் சேனல் அந்த 12 நிமிடத்தை நல்ல விலைக்கு விற்கும். பயண சேனலால் முடியாது.

பிறகு 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டுங்கள் என்பது கொள்கை. கேட்க நியாயமாக இருந்தது, பல வீடுகளுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் ஒரு பக்க விளைவு: நமக்குத் தெரியாத சேனலை நாம் எப்படித் தேர்ந்தெடுப்போம்? எங்கள் வீட்டில் அப்பா ரெண்டு தமிழ் பேக்கேஜும் ஒரு நியூஸ் பேக்கேஜும் எடுத்தார். டிராவல் சேனல் வேண்டும் என்று கேட்டு வாங்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் அதை என்றைக்குமே தேடிப் போனதில்லை. வழியில் வந்தது, நின்று பார்த்தார். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்த இடத்தை நட்சத்திரங்கள் நிரப்பினார்கள். 2020 மார்ச்சில் டிஸ்கவரியில் பேர் கிரில்ஸோடு ரஜினிகாந்த் காட்டுக்குள் போனது ஞாபகம் இருக்கிறதா? நானும் முதல் ஒளிபரப்பிலேயே பார்த்தேன், ரசித்தேன். ஆனால் அது எடுக்கப்பட்ட இடம் கர்நாடகாவின் பந்திப்பூர். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட 9 காப்பகங்களில் ஒன்று. அன்றைக்கு ராத்திரி ரஜினியைப் பற்றிப் பேசிய நாங்கள் யாரும் பந்திப்பூரைப் பற்றிப் பேசவில்லை. காடு வெறும் செட் ஆகிவிட்டது. வெளிநாட்டிலும் இதே கதைதான். இன்று பெரிய செலவில் வரும் பயணத் தொடர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்கில், அதுவும் ஏற்கெனவே பிரபலமான முகத்தை வைத்துத்தான் வருகின்றன.

அதுக்குத்தான் யூடியூப் இருக்கே?

நியாயமான கேள்வி. யூடியூபை மட்டம் தட்டுவதற்காக இந்தக் கட்டுரை இல்லை. சொல்லப்போனால், கேபிள் எப்போதுமே தராத ஒன்றை யூடியூப் தந்தது.

அந்தப் பழைய நிகழ்ச்சிகளில் பயணி பெரும்பாலும் மேற்கத்தியர். நாம், நம்மைப் போன்றவர்கள், எப்போதும் 'பார்க்கப்படும் ஊர்'. நம்ம சாப்பாடு காரமாக இருக்கும், நம்ம ரோடு கூட்டமாக இருக்கும், நாம் சிரித்துக்கொண்டே விருந்து வைப்போம். இன்று 'தமிழ் ட்ரெக்கர்' மாதிரி சேனல்களில் நம்ம ஊர்ப் பையன் பையை மாட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறார், தமிழில் பேசுகிறார். பஸ் கட்டணம் எவ்வளவு, இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கிடைக்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா... இதையெல்லாம் எந்த பிபிசியும் நமக்குச் சொன்னதில்லை. இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் கேபிளைக் கெடுத்த அதே கணக்கு இங்கேயும் வேறு பெயரில் இருக்கிறது. வீடியோ 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் விளம்பரம் போடலாம். பார்ப்பவர் எந்த நொடியில் விலகினார் என்று வரைபடம் காட்டும். அந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினால் முதலில் போவது மௌனமும் காத்திருப்பும்தான். பாய்மரக் கப்பலில் எதுவும் நடக்காத அந்த ஒரு வாரம் இன்றைக்கு 40 நொடி ரீல்ஸ் ஆகியிருக்கும்.

காசு யார் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். சுற்றுலா வாரியங்களும் ஹோட்டல்களும் செலவை ஏற்று அழைத்துப் போவதை 'ஃபேம் டிரிப்' என்பார்கள். அப்படிப் போவது தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி, காசு வாங்கிச் செய்யும் பதிவுகளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2021-ல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் இதுபற்றி விதிமுறைகளை வெளியிட்டது. விமான கம்பெனி 1987-ல் செய்த அதே வேலைதான். அப்போது சேனல் பெயரிலேயே முதலாளி யார் என்று தேடலாம். இப்போது வீடியோவின் மூலையில் ஒரு குட்டிச் சொல்லைத் தேட வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 'உலகின் ஏழை நாட்டில் 24 மணி நேரம்', 'ஆபத்தான தெருவுக்குள் நுழைந்தேன்' மாதிரி தலைப்புகளை எத்தனை முறை கிளிக் செய்திருப்போம்? தூங்குபவர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் அனுமதி கேட்காமல் படம் பிடிக்கும் காட்சிகள் எத்தனை? நம்மை அப்படிக் காட்டியபோது கோபப்பட்டோம். கேமரா நம்ம கைக்கு வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்?

பக்கத்திலேயே ஒரு உதாரணம்

'டிவியில் இனி இது முடியாது' என்று முடிவு கட்டுவதற்கு முன் கேரளத்தைப் பார்க்கலாம். கோட்டயம் பக்கத்தைச் சேர்ந்த சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரா 2001-ல் ஏசியாநெட்டில் 'சஞ்சாரம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். பெரிய குழு கிடையாது. அவரே போவார், அவரே கேமரா பிடிப்பார். 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறார். 2013-ல் 'சஃபாரி' என்று பயணத்துக்காகவே ஒரு மலையாள சேனல் தொடங்கினார். விளம்பரம் இல்லாத சேனல் என்று பெயர் வாங்கியது அது.

அவருடைய எபிசோடுகளில் பரபரப்பு கிடையாது. நிதானமான குரல், ஒரு ஊரின் வரலாறு, அந்த ஊர் ஆட்கள், ரோட்டின் அகலம், குப்பை எடுக்கும் விதம் வரை கவனிப்பார். பின்னால் கல்விப் பதிப்பகம் நடத்தும் குடும்பம் இருந்தது, அதனால் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'மெதுவாகப் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்' என்ற வாதத்துக்கு இது நேரடியான மறுப்பு. மலையாளிகள் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பார்க்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்?

போர்டெயின் கடைசிக் காலத்தில் எடுத்த எபிசோடுகளில் ஒன்று இலங்கை பற்றியது. 2017-ல் ஒளிபரப்பானது. அவர் ஏற்கெனவே போர் நடந்த காலத்தில் இலங்கைக்குப் போய்ப் படமெடுத்தவர். இந்த முறை ரயிலில் யாழ்ப்பாணம் வரை போனார். 1990-ல் போரால் நின்று போய், 2014-ல்தான் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்ட பாதை அது. நண்டுக் கறியும் சாப்பிட்டார், போரில் இழந்தவர்களிடமும் பேசினார். இலங்கை என்றால் கடற்கரையும் தேயிலையும் என்று மட்டும் தெரிந்த ஒரு அமெரிக்கர், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேனலைத் தள்ளிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றிருக்கலாம். தேடிப் பார்த்திருக்க மாட்டார். தேடுவதற்கு அவருக்கு யாழ்ப்பாணம் என்ற பெயரே தெரிந்திருக்காது.

கேபிளோடு போய்க்கொண்டிருப்பது இந்தத் தற்செயல்தான். அல்காரிதம் நமக்கு ஏற்கெனவே பிடித்ததைத் தருகிறது. தாய்லாந்து பார்த்தால் இன்னும் பத்து தாய்லாந்து. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஊரில், நம்மைப் போலவே காலையில் கடை திறக்கும் ஒருவரைப் பார்க்கும் வாய்ப்பு அதில் குறைவு. ஒரு நாட்டைப் பற்றி நமக்கு வரும் செய்தி போரும் தேர்தலும் மட்டும்தான் என்றால், அங்கே இருப்பவர்கள் நமக்கு மனிதர்களாகத் தெரிய மாட்டார்கள். அந்த வேலையை அந்த ராத்திரி நேர நிகழ்ச்சிகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

கேபிள் திரும்பி வராது. ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பது இன்னும் நம்ம கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பயண வீடியோவைத் திறக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்:

- இதில் அந்த ஊர்க்காரர் யாராவது ஒரு நிமிடமாவது முழுசாகப் பேசுகிறாரா?
- இந்தப் பயணத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று சொல்லியிருக்கிறார்களா?
- இதே மாதிரி நம்ம தெருவை ஒருவர் படம் எடுத்தால் நமக்குச் சம்மதமா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் கடைசி வரை பாருங்கள், ஓட்டிவிடாமல். நீங்கள் தங்கிப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வரைபடத்தில் பதிவாகிறது. அடுத்த வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்லும்.

அப்பாவுக்கு என்ன பதில் சொன்னேன்? கணக்கெல்லாம் விளக்கவில்லை. டிவியில் யூடியூபைப் போட்டு சஃபாரி சேனலின் ஒரு எபிசோடை வைத்துவிட்டேன். மலையாளம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவருக்கு அது பழக்கம்தான். ஒரு மணி நேரம் கழித்து ஹாலில் லைட் அணைக்கப் போனபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போய்ப் படும்மா, இந்த ஊர்ச் சந்தை முடியட்டும்" என்றார்.